காரைக்கால் கிடங்கில் ஓர் இறுதி ஆட்டம்

இல்லை, கடல் பார்க்கப் போகவில்லை. தம்பியோடு போனேன்.

எண்பத்து மூன்று, பங்குனி. டெல்டா ஊர்களுக்கான விளையாட்டு விழா அந்த முறையும் காரைக்காலில்தான் நடந்தது. தம்பி சேகர், தஞ்சாவூர் ஆண்கள் இறகுப்பந்து அணியில் ஐந்தாவது ஆட்டக்காரன். விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு வங்கியின் அதிகாரி இறுதி ஆட்டத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். ஓர் இடம்தான். சேகர் பட்டம் வாங்கி இரண்டு வருடமாக வீட்டில் இருந்தான்.

தஞ்சாவூரிலிருந்து மாயவரம், அங்கிருந்து பேரளம். பேரளத்தில் வண்டி மாற வேண்டும். காரைக்கால் இருபத்து மூன்று கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒரு மணி நேரம் ஆகிறது. அவசரம் என்றால் பேருந்து நல்லது. எங்களுக்கு அவசரம் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

நிலையத்தில் ரிக்‌ஷாக்காரர் சேகரின் மட்டையைப் பார்த்தார்.

"தஞ்சாவூரா? எங்க ஊரு பசங்களோடவா ஆடப் போறீங்க? பாவம்."

"ஏன் பாவம்?"

"சும்மா சொன்னேம்மா. ஏறுங்க."

சும்மா யாரும் சொல்வதில்லை. என் சந்தேகம் அங்கிருந்து தொடங்கியது.

தலத்தெருவில் ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். மீன் குழம்பு அபாரம். எதிரணிக்கு இவ்வளவு நல்ல குழம்பை ஏன் ஊற்றுகிறார்கள் என்று யோசித்தபடியே இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். சேகரை ரசத்தோடு நிறுத்தினேன்.

ஆடுகளம் ஒரு நெல் கிடங்கு. மூட்டைகளை எடுத்துவிட்டுத் தரையில் கோடு போட்டிருந்தார்கள். கிழக்கே ஆறு பெரிய சன்னல்கள், கதவில்லாமல். கடல் அந்தப் பக்கம். நடுவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். ஊரே அவரைச் 'சொல்தா' என்கிறது, பிரெஞ்சில் சிப்பாய். உள்ளூர்க்காரர் நடுவராக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

காரைக்காலும் நாங்களும் இரண்டுக்கு இரண்டு. முடிவு ஐந்தாவது ஆட்டத்தில். சேகருக்கு எதிரே கலியமூர்த்தி, கிளிஞ்சல்மேட்டுப் பையன், படகில் மீன்பிடிக்கப் போகிறவன். தோள் அப்படி. மூன்று சுற்றில் முதல் சுற்று சேகருக்கு. இரண்டாவதிலும் அவன் கை ஓங்கியிருந்தது. வங்கி அதிகாரி முன்னால் சாய்ந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்.

சொல்தா நாற்காலியை விட்டு இறங்கினார்.

"மணி பன்னெண்டு. சாப்பிட்டுப் படுத்து எழுந்து வாங்க. மூணு மணிக்கு மிச்சம்."

எங்கள் மேலாளர் கத்தினார். "ஆட்டம் பாதியில நிக்குதுங்க!"

"நிக்கட்டுமே. ஓடியா போயிடும்?"

கூட்டம் சிரித்தபடி கலைந்தது. போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே மத்தியானம் கடைகூடச் சாத்திவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், அந்தத் தூக்கம் போகவில்லை. ஆனால் அன்று நான் அதை நம்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும். இறகு காற்றில் நிற்காது. இந்தக் கிடங்கில் ஆடிப் பழகியவன் யார்?

மூன்று மணிக்குத் திரும்பியபோது கிழக்குச் சன்னல்களை மூடி வெளியிலிருந்து ஒரு படகுப் பாயை ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள். பழுப்பு நிறம், ஒட்டுப் போட்டது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. சந்தேகம் கூடியது.

சேகர் இரண்டாவது சுற்றை விட்டான். மூன்றாவதில் இருவரும் புள்ளிக்குப் புள்ளி சமமாகப் போனார்கள். நான் பந்தைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தேன். உப்பியது. தளர்ந்தது. சேகர் அடிக்கும்போது மட்டும் உப்புகிறது. அப்படித்தான் தோன்றியது. வெளியே யாரோ இழுத்துவிடுகிறார்கள்.

கையும் களவுமாகப் பிடிக்க எழுந்து வெளியே போனேன்.

சுவர் மூலையைத் திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. நான்கு பேர். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்திருந்த பாயின் கீழ் ஓரக் கயிறுகளைக் கையில் சுற்றி, காலைச் சுவரில் உதைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? காத்த வெளிய நிறுத்துறோம்."

"எதுக்கு? காத்து உங்க ஆளுக்குத்தானே நல்லது?"

வயதில் மூத்தவர், கலியமூர்த்தியின் மாமா, திரும்பாமலே சொன்னார். "போன வருசம் இதே எடத்துல எங்க புள்ள ஜெயிச்சான். உங்க ஊர்க்காரங்க என்ன சொல்லிட்டுப் போனாங்க? 'அவனா ஜெயிச்சான், காத்து ஜெயிச்சுது.' ஒரு வருசமா சந்தையில அதையே சொல்லிச் சிரிக்கிறானுவ. இந்தத் தடவ அந்தப் பேச்சு வரக் கூடாது."

"ஆட்டத்தப் பாக்கலையா நீங்க?"

"கயித்த யாரு பிடிக்கிறது, உங்க அப்பாவா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். சிரிப்பில் ஒரு முனை நழுவியது. நான் பிடித்தேன்.

"அக்கா எங்க கட்சிக்கு வந்துட்டாங்கடா!"

"ஒழுங்கா இழுங்கக்கா. உங்க தம்பி பந்துதான் பறக்கும்."

கயிறு உள்ளங்கையை அறுத்தது. பாய்க்கு அந்தப் பக்கம் சொல்தாவின் குரல் மட்டும் கேட்டது. பதிமூன்று என்றது. பதினான்கு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு கூரை கிளம்பும்படி கூச்சல்.

இவ்வளவு கூச்சல் தஞ்சாவூருக்குக் கிடைக்காது.

மாமா கயிற்றை விட்டார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். உள்ளே ஓடினார்.

நான் போனபோது வங்கி அதிகாரி கலியமூர்த்தியின் தோளில் கை போட்டு, அவன் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். சேகர் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சட்டை ஒட்டியிருந்தது. எங்கள் மேலாளர் அவன் பக்கத்தில் குனிந்து தேற்றிக்கொண்டிருந்தார்: "காத்துடா. காத்துல யாரு ஆட முடியும்?"

சேகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீ வெளிய போனியே அக்கா. காத்து இருந்துச்சுல்ல?"

மாமா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். காதில் விழும் தூரம்.

"வெளிய இருந்துச்சு," என்றேன். "உள்ள இல்ல."

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு யோசனை. காரியம் இருந்தால் பன்னிரண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மீன் குழம்பைச் சந்தேகப்படாமல் சாப்பிடுங்கள்.

சேகர் மட்டையை உறைக்குள் போட்டான். நான் அவனுக்கு முன்னால் நடந்து நிலையத்துக்குப் போய், பேரளத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.