எச்.பி. இல்லாத மோட்டார்

"எத்தனை எச்.பி.?" பார்சலைப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். திருக்காட்டுப்பள்ளியில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர் வேறென்ன கேட்பார்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது ஸ்டெப்பர் மோட்டார், இதற்கு எச்.பி. பார்க்க மாட்டார்கள் என்றேன். "எச்.பி. இல்லாத மோட்டாரா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நடவு மிஷினுக்கு டிரேயில் நாற்று வளர்த்துக் கொடுப்பது என் தொழில். விதையைக் கையால் தூவினால் ஒரு பக்கம் குவியும், இன்னொரு பக்கம் வழுக்கை விழும். வழுக்கை விழுந்த இடத்தில் மிஷின் வெறும் மண்ணைத்தான் நடும். அதனால் விதை தூவ ஓர் உருளையை நானே செய்திருந்தேன். ஒவ்வொரு டிரேக்கும் அது சரியாக ஒரு சுற்று சுற்றி நிற்க வேண்டும். அப்படி அளந்து சுற்றத்தான் இந்த மோட்டார்.

கூட வந்த தாளை மூன்று நாள் படித்தேன். ஓர் அடிக்கு, அதாவது ஒரு ஸ்டெப்புக்கு, ஒன்று புள்ளி எட்டு டிகிரி என்று போட்டிருந்தது. முந்நூற்றறுபதை அதால் வகுத்தேன். சரியாக இருநூறு! இருநூறு அடி எடுத்து வைத்தால் ஒரு சுற்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. ஹோல்டிங் டார்க் என்பது நிற்கும்போது எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு என்பதும் பிடிபட்டது.

குறுவைக்கு ஒரு விவசாயி முந்நூறு டிரே கேட்டிருந்தார். விதை ஊறி முளை எட்டிப் பார்த்துவிட்டது. அன்று பொழுதுக்குள் தூவியாக வேண்டும். விட்டால் முளை நீண்டு, ஒன்றோடொன்று சிக்கி ஒடிந்துபோகும்.

பத்து டிரே அழகாக ஓடியது. அப்போது என் வீட்டுக்காரர் வந்து மோட்டார்மேல் புறங்கையை வைத்தார்.

"என்ன இது, இப்படிக் கொதிக்குது! சும்மா நிக்கறப்பவே சுட்டா காயில் போகப்போகுதுன்னு அர்த்தம். கரண்டைக் குறை."

மோட்டார் விஷயத்தில் அவர் கை சொல்வதை ஊரே கேட்கும். நானும் கேட்டேன். மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் பெட்டியில் சுவிட்சைத் தள்ளி, ஆம்பியரைப் பாதியாக்கினேன். சூடு தணிந்தது. ஆனால் உருளை திக்கித் திணறி முக்கால் சுற்றிலேயே நின்றது. ஒவ்வொரு டிரேயின் கடைசியிலும் கையகல வழுக்கை!

அழுகை முட்டியது. தாளை எடுத்து, புரியாமல் தாண்டிப்போன வரிகளை வாய்விட்டுப் படித்தேன். "இன்சுலேஷன், கிளாஸ் பி..."

அவர் சட்டென்று திரும்பினார். "கிளாஸ் பியா? அது நூத்தி முப்பது டிகிரி தாங்குமே! காயிலுக்குப் பூச நான் வாங்குற வார்னிஷ் டின்லயே போட்டிருக்கு." மறுபடி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். "முன்ன சுட்ட சூடு அதுல பாதிகூட இருக்காது. ஆனா சும்மா நிக்கறப்ப ஏன் சுடணும்?"

எனக்குத் தலைக்குள் பளிச்சென்றது. "சும்மா நிக்கலைங்க! பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கும் கரண்ட் வேணும்ல!" என்று கத்தியேவிட்டேன்.

சுவிட்சைப் பழையபடி தள்ளினேன். ஒரு முழுச் சுற்று சுற்றி, டக்கென்று நின்றது. குதிக்காத குறைதான். வழுக்கை விழுந்த டிரேக்களைக் கொட்டிவிட்டு மறுபடி ஓட்டினோம். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து டிரே தள்ளினார். பொழுது சாய்வதற்குள் முந்நூறும் முடிந்தது.

ஆறாம் நாள் விவசாயி நாற்றைப் பார்க்க வந்தார். டிரேக்களில் விரலளவு வழுக்கைகூட இல்லை, ஒரே பச்சை. அடுத்த ஆர்டருக்கு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார்.

"அடேயப்பா, என்னா சூடு! இது எத்தனை எச்.பி.ங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் எச்.பி. பார்க்கக் கூடாதுங்க. எங்க வீட்ல கேளுங்க, விவரமா சொல்லுவாங்க."