கோலப்பொடியில் ஓர் ஓடை

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு அக்காக்கள் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஆட்டையாம்பட்டியிலிருந்து வரும் டவுன் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் எங்களுடையது. மண்ணையும் தண்ணீரையும் காக்க வந்திருக்கிறோம் என்று சொன்னவர்கள், முதல் வாரம் முழுக்க வீடு வீடாகக் காப்பி குடித்ததைத்தான் நான் பார்த்தேன். மழை பெய்தும் குட்டை நிரம்புவதில்லை, கிணற்று மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடுவதில்லை என்பதையெல்லாம் அந்தக் காப்பிக்கு நடுவில்தான் எழுதிக்கொண்டார்களாம்.

இரண்டாம் வாரம் பள்ளி மைதானத்தில் ஊரைக் கூட்டினார்கள். ஊரின் வரைபடத்தை ஊர்க்காரர்களே தரையில் கோலப்பொடியால் போடவேண்டும் என்றார் கண்ணாடி போட்ட அக்கா. அவர்தான் அந்த எட்டுப் பேருக்கும் தலைவி. பெரியவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்க, பொடி எங்கள் கைக்கு வந்தது. எனக்குக் கிடைத்தது நீலம். குட்டையைப் போட்டேன், கிணறுகளைப் போட்டேன். கிண்ணத்தில் பொடி மிச்சமிருந்தது. ஊரையொட்டிய கரட்டு மேட்டிலிருந்து குட்டை வரைக்கும் தாராளமாக ஒரு கோடு இழுத்தேன்.

"இங்க ஓடை இருக்கா பாப்பா? நாங்க பாக்கவே இல்லையே?" என்று கேட்டார் அக்கா.

"மழ பேஞ்சா தண்ணி அப்பிடித்தானுங்க வரும். இப்ப பாதியில எங்கப்பா குச்சிக்கெழங்கு போட்டிருக்காரு. மீதியில எங்க பெரியப்பா போட்டிருக்காரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. பாகம் பிரித்தபோது அந்த ஓடைதான் எல்லை. வருஷத்துக்கு ஒரு சால் என்று அப்பா இந்தப் பக்கமும் பெரியப்பா அந்தப் பக்கமும் உழுது உழுது ஓடையே இல்லாமல் போனது. பிறகு எல்லை எது என்று சண்டை வந்து, இரண்டு வருஷமாகப் பேச்சும் இல்லாமல் போனது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பெரியப்பா வேறு வழியாகப் போனார்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. "ஊரு முன்னால மானத்த வாங்கிப்போட்டா" என்றார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, "புள்ள இல்லாததையா போட்டுச்சு?" என்றாள். அவ்வளவுதான். நான் நெற்குதிருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இனி நீலப் பொடியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

விடிந்ததும் அந்த அக்கா வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் போலத்தான் முகம் இருந்தது. அப்பா அவரைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக் கேட்டார்.

"ஓடைக்கு எத்தன அடி வேணுமுங்க?"

"ஆறடி போதும்ங்க. உங்க பக்கம் மூணு, அவரு பக்கம் மூணு."

"அவரக் கேட்டீங்களா?"

"இப்பத்தான் கேட்டுட்டு வர்றேன். அவரும் 'தம்பியக் கேட்டீங்களா'ன்னுதான் கேட்டாரு."

அப்பா கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்தார்.

மரவள்ளிக் கிழங்குச் செடிகளைப் பிடுங்கிய பிறகு அக்காக்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வெட்டினார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் வெட்டினார்களே தவிர, பேசிக்கொள்ளவில்லை. முதல் நாளே அக்காக்களின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. மண்வெட்டி பிடிப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்துக்கே அப்பா பாடம் நடத்தினார். ஓடை குட்டையைத் தொட்ட மறுநாள் அக்காக்கள் பஸ் ஏறிவிட்டார்கள். தண்ணீர் வருவதைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பலத்த மழை. அப்பா ஓடைக்கு ஓடினார். குடையோடு நானும் ஓடினேன். செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு குட்டையைப் பார்த்துப் போனது. எதிர்க்கரையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பெரியப்பா நின்றார்.

"தம்பி, உன்ற பக்கம் கரை கரையுது பாரு! கல்லப் போடு!" என்று கத்தினார்.

"போடறேனுங்ணா!" என்று அப்பாவும் கத்தினார்.

சொன்னாரே தவிர, கல் எடுக்கப் போகவில்லை. அவர் கண்ணெதிரே எங்கள் மண் கட்டி கட்டியாகச் சரிந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றபடி சிரித்துக்கொண்டே இருந்தார். சொந்த நிலம் கரைந்து போவதில் இவருக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை. குடை பிடித்தும் நனைந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.