அன்ரனெற் எழுதாத நான்கு வருடம் ஏழு மாதம்

அன்ரனெற்றின் வாழ்க்கையில் நான்கு வருடமும் ஏழு மாதமும் எந்தப் படிவத்திலும் இல்லை. 1987 ஆவணியிலிருந்து 1992 பங்குனி வரை அவள் இத்தாலியில், சிசிலித் தீவில் இருந்தாள். படிவத்தின்படி மன்னாரில் இருந்தாள்.

பிறந்தது 1962இல், மன்னார்ப் பேசாலையில். தகப்பனுக்குக் கடற்றொழில். இருபத்தைந்து வயதில், வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பலெர்மோ நகரத்துக்குப் போனாள். முதல் பதினொரு மாதம் ஒரு வைத்தியர் வீட்டில் தரை துடைத்தாள். பிறகு மர்சாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அந்தத் தோட்டத்துக்கு வியாழனும் சனியும் உல்லாசப் பயணிகள் பஸ்ஸில் வருவார்கள். அவர்களை நீள மேசையில் இருத்தி, ஒவ்வொரு வைனாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான உள்ளூர்ச் சாப்பாட்டில் ஒரு வாயளவு கொடுத்து, வீட்டுக்கார அம்மா விளக்கம் சொல்லுவாள். கிளாஸ்களை அடுக்குவதும், போத்தலைத் துடைத்து நீட்டுவதும், எந்தத் தட்டு எந்த வைனோடு போகும் என்று நினைவில் வைத்திருப்பதும் அன்ரனெற்றின் வேலை. வைனை அவள் குடித்தது குறைவு, மணத்திலேயே பிடித்துவிடுவாள். கருவாட்டு வாடியில் வளர்ந்தவளின் மூக்கை ஏமாற்ற முடியாது.

ரொறன்ரோவில் வந்து இறங்கிய அன்றே, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான்.

"இத்தாலி எண்ட சொல்லே வாயில வரக்கூடாது. அங்க பாதுகாப்பா இருந்தனி எண்டால் இஞ்ச ஏன் வந்தனி எண்டு கேப்பாங்கள். நீ நேர மன்னாரிலயிருந்து வாறாய். விளங்குதோ?"

விளங்கியது. 1990 சண்டையில் ஊர்ச்சனம் பிள்ளைகுட்டிகளோடு மடு மாதா கோயிலுக்கு நடந்து போனதை அவள் அகதி விசாரணையில் விபரமாகச் சொன்னாள். எந்த இடத்தில் மழை பிடித்தது, எந்த இடத்தில் செருப்பு அறுந்தது என்றெல்லாம் சொன்னாள். நடந்தவள் அவளுடைய அக்கா ஜோசப்பின். அறுந்த செருப்பும் அக்காவுடையதுதான். எல்லாம் அக்கா மர்சாலாவுக்கு எழுதிய ஏழு பக்கக் கடிதத்தில் இருந்தவை. விசாரித்தவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். 1993 தையில் அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். 1994 மாசியில், நிரந்தரமாக இருக்கலாம் என்கிற லாண்டட் பேப்பர் வந்தது. ஆனால் அக்காவின் செருப்பைத் தன் காலில் போட்டுக்கொண்டு வந்தவள் போல, அன்றுமுதல் அவளுக்கு நடையில் ஒரு கூச்சம்.

வேலைக்கென்று போன இடமும் இத்தாலிச் சாப்பாட்டுக் கடைதான். வூட்பிறிட்ஜில் டொமினிக் என்பவன் நடத்துகிற நாற்பத்தெட்டு இருக்கைக் கடை. தெரியாத வேலைக்குப் போய் அவமானப்படுவதைவிடக் கை அறிந்த வேலைக்குப் போகலாம் என்று நினைத்தாள். 1993 சித்திரையிலிருந்து மேசை வேலை. வாய் மட்டும் இங்கிலீசைத் தாண்டாது. சமையற்காரன் றொக்கோ அவளுக்கு முன்னாலேயே அவளைப் பற்றி இத்தாலியனில் கதைப்பான். தாரா வாத்து மாதிரி நடக்கிறாள் என்பான். இன்றைக்கு இவள் முகத்தைப் பார்த்தால் பால் திரைந்துவிடும் என்பான். அன்ரனெற் ஒன்றும் விளங்காதவள் போலத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவாள். நாலரை வருடம் அந்த முகத்தைப் பழக்கியிருந்தாள்.

1995இல் சீமோனைக் கலியாணம் செய்தாள். அவனுக்கு மிசிசாகாவில் விமான நிலையத்துப் பொதிகள் ஏற்றுகிற வேலை. ரெக்ஸ்டேலில் ஆறாம் மாடியில் வீடு. மகள் ஸ்டெபனிக்கு ஒன்றரை வயது. இத்தாலிக் கதை சீமோன் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

1997 புரட்டாதி 30ஆம் திகதி சிற்றிசன்சிப் கடிதம் வந்தது. ஐப்பசி 29, புதன்கிழமை, காலை ஒன்பதரைக்குச் சத்தியப்பிரமாணம். அதை எடுத்துவிட்டால் மூச்சு விடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரமே டொமினிக் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தான். ஐப்பசி 18, சனி மாலை ஆறரைக்கு, ஒரு பயண முகவரின் ஆட்கள் இருபத்துநான்கு பேர் வருகிறார்கள். வைகாசியில் சிசிலிக்குப் போகப் பணம் கட்டியவர்கள். அங்கே நடக்கப்போகிற வைன் ருசி பார்ப்பதை இங்கே ஒருமுறை நடத்திக் காட்டவேண்டும். விளக்கம் சொல்ல அங்கிருந்தே ஒரு பெண் வருகிறாள்.

"பொஸ், அண்டைக்கு எனக்கு லீவு வேணும். பிள்ளைக்குச் சுகமில்லை," என்றாள் அன்ரனெற் இங்கிலீசில்.

"சனிக்கிழமை சுகமில்லாமல் வரும் என்று இப்போதே தெரியுமா?" என்று டொமினிக் சிரித்தான். லீவு இல்லை.

சனி மாலை வந்தவள் பெயர் கொன்சேத்தா. ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. அவள் வாயைத் திறந்த உடனே அன்ரனெற் கிளாஸ் தட்டோடு இரண்டு அடி பின்னால் போனாள். டொமினிக் பேசுகிற இத்தாலியன் வேறு. இது மர்சாலாப் பக்கத்து வாய். சொற்களின் நுனியை விழுங்கிவிடுகிற அதே பேச்சு.

ஆறு வைன், ஆறு தட்டு. கொன்சேத்தா சொல்லச் சொல்ல டொமினிக் இங்கிலீசில் சொன்னான். முதலில் நிறத்தைப் பாருங்கள், பிறகு மணம், பிறகு ஒரு மிடறு, உடனே விழுங்காமல் நாக்கில் வைத்திருங்கள், இப்போது சாப்பாட்டைக் கடியுங்கள், மறுபடி ஒரு மிடறு. முதல் வெள்ளை வைனுக்குப் பொரித்த சோற்றுருண்டை. இரண்டாவதற்குக் கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாக வதக்கியது. வந்தவர்கள் இளகத் தொடங்கினார்கள். அன்ரனெற் தரையைப் பார்த்தபடி கிளாஸ்களை எடுத்தாள், வைத்தாள்.

மூன்றாவது தட்டு, உப்பிட்டுக் காயவைத்த மீன்சினை. சிசிலியில் அதைச் சீவிப் பாணில் வைப்பார்கள். தட்டு மேசைக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து டொமினிக்குக்குத் தொலைபேசி வர, உள்ளே போனான். கொன்சேத்தா மூன்றாவது போத்தலைத் திறந்து முகர்ந்தாள். முகம் சுருங்கியது. யாருக்கும் இல்லாமல் தனக்குத்தானே, தன் ஊர்ப் பேச்சில் முணுமுணுத்தாள்: "ஐயோ, இது இனிப்பு மர்சாலா வைன். உப்புச் சினைக்கு இனிப்பை எடுத்து வைத்திருக்கிறானே. இனிப்பில்லாத பழசு எங்கே?"

இருபத்துநான்கு பேரும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அன்ரனெற் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்ற இடத்தில் நின்றிருப்பாள். ஆறு அடி நடந்து பின்சுவர் அலுமாரியிலிருந்து இனிப்பில்லாத மர்சாலா வைனை எடுத்தாள், போத்தலின் கழுத்தைத் துடைத்தாள், அடியில் துவாயை வைத்து, அதில் ஒட்டிய பெயர்ச்சீட்டு கொன்சேத்தாவுக்குத் தெரிகிற மாதிரி நீட்டினாள். கொன்சேத்தா வாங்கி ஊற்றத் தொடங்கினாள். நாலாவது கிளாஸுக்குப் பிறகுதான் கை நின்றது. திரும்பி அன்ரனெற்றைப் பார்த்தாள்.

அவள் மட்டும் பார்க்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு வந்த டொமினிக், முணுமுணுப்பையும் கேட்டு, வாசலில் நின்றான். தட்டு எடுக்க வந்த அன்புராசா பக்கத்தில் நின்றான். கோப்பை கழுவுகிற அன்புராசா, இருபத்தொன்பது வயது, கடையில் இருந்த மற்ற ஒரே தமிழன்.

குசினிக்குள் டொமினிக் கேட்டான்: "உனக்கு இத்தாலியன் விளங்குமா?"

றொக்கோவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. தாராவும் திரைந்த பாலும் அவன் கண்ணுக்குள் வந்து போயிருக்கவேண்டும்.

"கொஞ்சம்," என்றாள் அன்ரனெற். "ஊரில் கொன்வென்ற்றில் இத்தாலியன் சிஸ்டர்மார் படிப்பித்தார்கள்."

"நாலு வருடமாக ஒளித்து வைத்திருந்தாயே, கள்ளி!" டொமினிக்குக்கு ஒரே சந்தோசம். கொன்சேத்தா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போத்தலை அப்படி நீட்ட எந்தக் கன்னியாஸ்திரி பழக்குவாள்? அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அன்ரனெற்றின் முகத்தைப் பார்த்தாள். கேட்காமல் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

ஆனால் அன்புராசா அப்படி விடுகிற ஆள் இல்லை. தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, மன்னாரில எந்தக் கொன்வென்ற்றில இத்தாலிச் சிஸ்டர்மார்?"

"உனக்கெதுக்கு?"

"இல்லை, நானும் மன்னார்தான், வங்காலைக்காரன். எனக்குத் தெரியாத சிஸ்டர்மாரோ எண்டு பாத்தன்."

"நீ கோயிலடிக்கே போகாதவன். உனக்கு எந்தச் சிஸ்டரைத் தெரியும்? போய்க் கோப்பையைக் கழுவு."

"ஓமோம், நான் கோப்பை கழுவுறவன்தான். நீங்கள் பெரிய பாசைக்காரி," என்று சிரித்துக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பு அவளோடு ரெக்ஸ்டேல் வரை பஸ்ஸில் வந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது சீமோனிடம் சொன்னாள். தள்ளுவண்டியில் பிள்ளை நித்திரை.

"பத்து நாள் கிடக்கு. உவன் இமிக்கிரேசனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் காணும். எங்கட பில்டிங்கில மூண்டாம் மாடிக்காரருக்கு அப்பிடித்தானே நடந்தது?"

மூன்றாம் மாடிக்காரருக்கு என்ன நடந்தது என்று சரியாக யாருக்கும் தெரியாது. யாரோ பெயர் போடாமல் எழுதினார்களாம், ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம் என்பதுதான் கதை. எழுதியவன் தமிழன் என்பதில் மட்டும் எல்லோருக்கும் நிச்சயம்.

"அவன் ஏன் எழுதப்போறான்? நீர் அவனுக்கு என்ன செய்தனீர்?" என்றான் சீமோன்.

"செய்தால்தான் எழுதுவாங்களோ? எங்கட சனத்தை உங்களுக்குத் தெரியாதே?"

"அப்ப அவனோட கதையும்."

"என்னெண்டு கதைக்கிறது? சொல்லாதையடா எண்டால், சொல்ல ஒண்டு இருக்கெண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

தள்ளுவண்டியின் ஒரு சில்லு கிரீச்சிட்டது. சீமோன் குனிந்து அதைத் திருகிப் பார்த்தான்.

செவ்வாய் 21ஆம் திகதி அன்புராசா வேலைக்கு வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழனும் இல்லை. மூன்று நாள் லீவெடுத்து ஒருவன் என்ன எழுதுகிறான்? ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் வேண்டுமா? அன்ரனெற் மேசைகளை மாற்றிக் கொடுத்தாள். ஒன்பதாம் மேசைக்குப் போகவேண்டிய சூப் நாலாம் மேசைக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் முதலில் தபால்பெட்டியைத் திறந்தாள். காலையில் வெளிக்கிடும்போதும், வேலைக்கு முன்னால் தபால் வராது என்று தெரிந்தும், திறந்து பார்த்தாள். மின்சாரக் கட்டணக் கடிதத்தின் உறையைக்கூட இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிழித்தாள். இடையில் டொமினிக் வேறு, வைகாசியில் அந்தக் கூட்டத்தோடு சிசிலிக்கு மொழிபெயர்க்க வா என்று தொடங்கினான். பிள்ளை சின்னது என்றாள். மர்சாலாவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பாண் கடைக்காரனே பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளி 24ஆம் திகதி அன்புராசா வந்தான். முகம் காய்ந்து, தாடி வளர்ந்து கிடந்தது. கோப்பை கழுவுகிற மெசினுக்குப் பக்கத்தில் இரண்டு பேருமாக நின்றபோது மணி நாலு பத்து. மெசின் ஓடுகிற சத்தத்தில் வெளியே கேளாது. சரி, வருவது வரட்டும் என்று அன்ரனெற் வாயைத் திறந்தாள்.

"தம்பி, எனக்குப் பிள்ளை ஒண்டு இருக்கு. புதன்கிழமை சத்தியம் எடுக்கப் போறன். நீ எழுதிப்போட்டாய் எண்டால் இப்பவே சொல்லிப்போடு. நான் தாங்குவன். இப்பிடி நாளெண்ணிக்கொண்டு இருக்க ஏலாது."

அன்புராசா அவளை விழித்துப் பார்த்தான்.

"நான் எழுதுறதோ? அக்கா, நீங்கள் எழுதிப்போட்டியளெண்டு நான் மூண்டு நாளாச் சாப்பிடேல்லை."

"நானோ? உன்னைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?"

"போன மாசம் உந்த மெசின் பழுதாப் போச்சு. அதின்ர புத்தகத்தை வைச்சு நான் திருத்தினன். நீங்கள் பின்னால நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனியள்."

"ஓம். கெட்டிக்காரன் எண்டு நினைச்சன்."

"அது ஜேர்மன் புத்தகம், அக்கா."

அன்ரனெற் மெசினைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"மூண்டு வருசம் ரெண்டு மாசம். ஸ்ருட்கார்ட்டில ஒரு ஹொட்டேலில இதே மெசின்தான். என்ர பைலில அது இல்லை. நான் நேர கொழும்பிலயிருந்து வந்தனான்." அவன் மெசின் மூடியை அழுத்திப் பார்த்தான். "நீங்கள் என்னைக் கேக்க முதல் நான் உங்களைக் கேட்டுப் பயப்பிடுத்தினால் வாய் திறக்கமாட்டியள் எண்டு நினைச்சுத்தான் கொன்வென்ற் கதையை எடுத்தனான். எடுத்த பிறகுதான் ஐயோ, உவளைச் சீண்டிப்போட்டனே எண்டு விளங்கினது."

"மடையா," என்றாள் அன்ரனெற். மெசின் நின்று, மூடி தானாக விடுபட்டு, ஆவி இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

29ஆம் திகதி காலை அவள் நாவல்நிறச் சேலை உடுத்து, எட்டு ஐம்பதுக்கே போய் உட்கார்ந்தாள். எழுபத்தொரு பேர். பெயர் கூப்பிடும்போது தன்னுடையதை மட்டும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். விடவில்லை. வலது கையைத் தூக்கிச் சொல்லச் சொன்னதைச் சொன்னாள். பதினொன்று ஐந்துக்குக் குடியுரிமைத் தாளைக் கையில் கொடுத்தார்கள். சீமோன் படம் எடுத்தான். படத்தில் அவள் சிரிக்கவில்லை, யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள் போல இருக்கிறாள்.

வியாழன் வேலைக்குப் போனாள். அன்புராசா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"முடிஞ்சுதோ அக்கா?"

"முடிஞ்சுது."

"ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

"அப்ப பயம் போச்சு, என்ன?"

அன்ரனெற் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். "உன்ர சத்தியம் எப்ப?"

"மாசி ஒன்பது."

"அப்ப மாசி பத்துக்கு உன்னையே கேள்," என்று சொல்லிவிட்டு, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.