பிள்ளை பெற்ற டிரில் டீச்சர்

இன்று காலை குற்றாலம் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு மத்தியானச் சோறு செரிக்காது. ஆகவே நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன்.

முன் சீட்டில் பெண்கள் பள்ளிக் கமிட்டி அண்ணாச்சி. பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "டிரில் டீச்சரை வேலையை விட்டு நிப்பாட்டப் போறோம். பிள்ளை பெத்தவ குதிச்சா நல்லாவா இருக்கு?"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "டாக்கீஸ்ல படத்துக்கு முன்னால போட்ட நியூஸ்ரீலைப் பாக்கலையா அண்ணாச்சி? முன்னயெல்லாம் ஒலிம்பிக்ஸ்ல பொம்பளையெல்லாம் கூட்டமா நின்னு பந்தும் வளையமும் வச்சு ஆடினாவ. இப்பம் ஒத்தையா, ஒரு சாண்கூட அகலமில்லாத மரத்துமேல கரணம் போடுதாவ. எல்லா ஆட்டத்துலயும் சேத்து ஜெயிச்சவளே பிள்ளை பெத்தவதான்!"

"அது வெள்ளைக்காரி உடம்புல்லா!"

பின்னாலிருந்து ஒரு குரல். டிரில் டீச்சரேதான், மடியில் குழந்தையோடு.

"நாளைக்கு மைதானத்துக்கு வாங்க அண்ணாச்சி. நான் கரணம் போட்டுக் காட்டுதேன். போட்டு முடிக்கிறவரைக்கும் பிள்ளைய நீங்க வச்சிருங்க."

அண்ணாச்சி வழியில் மேலகரத்திலேயே இறங்கிவிட்டார். அவருக்கு வீடு குற்றாலத்தில்.

டீச்சரை நிறுத்துவது சரி என்பவர்கள் இதற்குக் கீழே எழுதலாம். ஆனால் முதலில் குனிந்து தன் கால் விரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். எனக்குத் தொப்பை குறுக்கே நிற்கிறது. நான் டீச்சர் கட்சி.