அடிஸ்கேலில் அளந்த ஆகாயம்

எங்கேயாவது பில் மிஷின் கரகரவென்று தாளைத் துப்பினால், இன்றும் என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பக்கத்துக் கரிசல் ஊரில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி ஒருநாள் காலையில் வந்து, ரியாத்திலிருந்த அண்ணன் மகனுக்குப் போன் போட்டாள். அண்ணன் இறந்துபோன சேதியைச் சொல்லி வைத்துவிட்டு, பில் மிஷின் தாளைத் துப்பும்போது என்னிடம் திரும்பினாள்.

"பத்து மணி பிளேன்ல ஏறுதானாம். எப்ப வந்து சேருவான் அண்ணாச்சி?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாரும் என்னை விவரமானவன் என்பார்கள். சுவரிலிருந்த உலகப்படத்தில் அடிஸ்கேலை வைத்து, பாலையையும் கடலையும் சேர்த்து ரியாத்திலிருந்து திருவனந்தபுரம் வரை அளந்தேன்.

"நாலே மணி நேரம். ரெண்டு மணிக்கு எறங்கி, கார் பிடிச்சு ஆறு மணிக்கு உங்க வாசல்ல நிப்பான்."

அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பிந்தி ஓடுவதும், பம்பாயில் இறங்கி அடுத்த விமானத்துக்கு விடிய விடியக் காத்துக் கிடக்க வேண்டும் என்பதும் படத்தில் இல்லை. என் பேச்சை நம்பி இருட்டும்வரை பார்த்துவிட்டு, இனி உடம்பு தாங்காது என்று தூக்கிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வந்த மகன் சாம்பலைத்தான் பார்த்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் விமானம் ஏறிய அன்று, அவள் மறுபடி வந்தாள்.

"இன்னைக்கு எப்ப அங்கன போய் எறங்குவான் அண்ணாச்சி?"

"தெரியாது தாயி."

அந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர எனக்கு அத்தனை நாளாகியிருந்தது. அவள் கோபப்படவில்லை. படியிறங்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. ஐஸ் வாங்கிப் போட்டு, எங்கண்ணன அவன் வாறவரைக்கும் வச்சிருப்போம்."