லிஃப்ட்காரரும் நான்காம் பாடமும்

லிஃப்ட்காரர் ஹெட்போனை இடது காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்வார். வலது காது உத்தியோகத்துக்கு. திரையில் பேராசிரியர் உண்மையைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, நூலகத்து லிஃப்ட் லேசாக முனகினால் இவர் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று தருகிறார். ஓடும் இரும்பு ரோப்பைப் பழந்துணியால் பிடித்துப் பார்ப்பார். பிசிறு இருந்தால் துணி மாட்டும். மாட்டாவிட்டால், உள்ளே தொங்கும் அட்டையில் ‘பாதுகாப்பானது’ என்ற அச்சு வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து. ஒருநாள் மழைக்கு நூலகத்தில் ஒதுங்கியவர், இலவசம் என்ற ஒரே தகுதியைப் பார்த்துத் தத்துவ அறிமுக வீடியோக்களைப் போட்டார். மொத்தம் பன்னிரண்டு பாடம். முதல் மூன்றையும் சிரித்தபடியே பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். “நாற்காலி நிஜமா இருக்கான்னு முக்கால் மணி நேரம் கேக்குறாரு சார், அதுலயே உக்காந்துகிட்டு!”

நான்காவது கழுத்தைப் பிடித்தது. நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? அன்றிலிருந்து கை அட்டையிடம் போக மறுக்கிறது. “ரோப் நல்லாத்தான் சார் இருக்கு. அதான் பயமா இருக்கு” என்கிறார். எங்கள் கட்டடத்தில் அச்சு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘நான் பார்த்தபோது பாதுகாப்பாக இருந்தது’ என்று எழுதினார். இதைவிட நேர்மையான வாக்கியத்தை நான் எந்த லிஃப்டிலும் படித்ததில்லை. ஏழு மாடிக்காரர்களும் படியேறினோம்.

அவருடைய கம்பெனி மேலாளர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. “உன்னை யாருய்யா யோசிக்கச் சொன்னா? வெள்ளிக்கிழமைக்குள்ள அச்சடிச்சபடி கையெழுத்து போடு. இல்ல, சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு!” லிஃப்ட்காரரின் மனைவி சிரித்துத் தெளியவைக்கப் பார்த்தார். “ஏங்க, நான் போடுறத மட்டும் நம்பிச் சாப்பிடுறீங்களே?” அதுமுதல் மனிதர் முகர்ந்து பார்த்துச் சாப்பிடுவதாகக் கேள்வி.

நூலகப் பெண்ணும் தேற்றினாள். “அஞ்சாவது பாடத்தப் பாருங்கண்ணே, பதில் சொல்லிருப்பாரு.”

“சொல்லலைன்னா?”

ஐந்தாவதை இன்னும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் கட்டடத்துக்குப் புது அட்டையோடு வந்தார். மூன்று முறை மேலே போய் ரோப்பைச் சோதித்தார். கீழே வந்து பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இரவுப் பணி முடித்த ஏழாம் மாடி நர்ஸ் பின்னால் வந்து நின்றாள்.

“சார், கால் ரெண்டும் கெஞ்சுது. லிஃப்ட் போகுமா?”

“இதுவரைக்கும் போயிருக்கும்மா.”

“அது எனக்கும் தெரியும். இப்போ?”

அவர் அவள் வீங்கிய பாதங்களைப் பார்த்தார். அச்சு வரிக்குக் கீழே, எழுத்து கோணக்கோணக் கையெழுத்துப் போட்டார். அவள் உள்ளே போக, கூப்பிடாமலே தானும் ஏறிக்கொண்டார். கதவு மூடும்போது பார்த்தேன்: இரண்டு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கைகளை விரித்து, லிஃப்டின் கூரையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.