எங்கிருந்து வாரீங்க, டாக்டர்?

எங்கள் அலுவலகத்தின் பின்சுவரில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ரப்பர் பூட்ஸ்கள் தலைகீழாகத் தொங்கும். சுவரில் அடித்த இரும்புக் கம்பிகளில் ஆளுக்கு ஒரு ஜோடி. கழுவி, கிருமிநாசினியில் முக்கி, கவிழ்த்து மாட்டிவிட்டால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். கடைசிக் கம்பியில் தொங்கியது பெரிய டாக்டருடைய ஜோடி. இடது பூட்ஸின் குதிகாலில் சைக்கிள் டியூப் வைத்து ஒட்டுப் போட்டிருக்கும். புதுசு வாங்கலாமே சார் என்றால், "ஒழுகுதா அம்மிணி? ஒழுகல. அப்பறம் எதுக்கு?" என்பார். அந்தக் கம்பி இப்போது காலி. சொல்லப்போனால் காலியாகக்கூட இல்லை, யாரோ தரை துடைக்கிற துணியை அதில் காயப் போடுகிறார்கள். தினமும் எடுத்து வேறிடத்தில் போடுகிறேன், தினமும் அங்கேயே வந்து தொங்குகிறது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நாமக்கல்லில் கோழிக்கு வைத்தியம் பார்க்கும் மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்திய அலுவலகம் இது. பெரிய டாக்டர் ஆரம்பித்தது. அவரிடம் வேலை கற்க வந்த இரண்டு பேர் பிறகு பங்காளிகளானார்கள், அவர்களை நாங்கள் சின்ன டாக்டர்கள் என்போம், இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியும் அதே பெயர்தான். போன் எடுப்பது, பில் போடுவது, பண்ணைக்காரர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான். பத்தொன்பது வயதில் வந்து உட்கார்ந்த நாற்காலி. என் மகளுக்கு இப்போது அந்த வயது ஆகிறது. ஆஸ்பத்திரி என்றால் நோயாளி டாக்டரைத் தேடி வருவார். எங்களிடம் அப்படியில்லை, டாக்டர்தான் ஷெட் ஷெட்டாகப் போக வேண்டும். மோகனூர் பக்கம் ஒன்று, புதுச்சத்திரம் பக்கம் ஒன்று, எருமப்பட்டி பக்கம் ஒன்று என்று நாள் முழுக்க ஓட்டம்தான்.

அந்த ஓட்டத்துக்குப் பெரிய டாக்டர் ஒரு வரிசை வைத்திருந்தார். காலையில் முதலில் குஞ்சு ஷெட். அப்புறம் முட்டைக்கோழி. நோய் கண்ட பண்ணை கடைசி. நோய்ப்பண்ணைக்குள் கால் வைத்துவிட்டால் அன்றைக்கு வேறு எந்த ஷெட்டும் கிடையாது, நேரே வீடு, குளியல். டாக்டரின் பூட்ஸிலும் சட்டையிலும் கார் சக்கரத்திலும் ஏறிக்கொண்டு நோய் அடுத்த பண்ணைக்குப் போய்விடும் என்பது எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, தினமும் கடைப்பிடிப்பது வேறு. இவர் பண்ணைக்காரர்களையும் விடவில்லை. யார் வந்தாலும், வருவது அவரே ஆனாலும், "எங்கிருந்து வாரீங்கன்னு கேட்டுப்போட்டுத்தான் கேட்டைத் தொறக்கோணும்" என்று ஊர் ஊராகச் சொல்லி வைத்தார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது லேசில் வரவில்லை. வாசலில் ஆள் வந்தால் வாயில் முதலில் வருவது "வாங்க". அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டு, அதுவும் டாக்டரை, வெயிலில் நிறுத்தி வைப்பது மரியாதையா? கேட்காமல் திறந்த பண்ணைகளிலிருந்து அவர் காரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். "அந்தாளு ரொம்பத்தான் பண்றாரு" என்று எனக்கு போன் வரும். நானும் ஆமாங்க ஆமாங்க என்று கேட்டுக்கொள்வேன். இரண்டு முறை திரும்பிப் போனபின் மூன்றாம் முறை அவர்களே கேட்டார்கள்.

சாஃப்ட்வேர் கதைக்கு வருகிறேன். மூன்று டாக்டர்களிடமும் மூன்று போன்கள். பண்ணைக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் அடிப்பார், அவர் நேரம் கொடுத்துவிடுவார், எனக்குச் சொல்ல மறந்துவிடுவார். ஒரே ஷெட் வாசலில் இரண்டு கார்கள் நிற்கும், இன்னொரு ஷெட்டில் காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று கத்தல் வரும். "மூணு பேருக்கும் பொதுவா ஒரு புக்கிங் சாஃப்ட்வேர் பாருங்க மேடம். யார் எங்க போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார் சின்ன டாக்டர்களில் ஒருவர். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்தது. தவறிப்போன நேரங்களில் பெரும்பாலானவை ஒரே ஆளுடையவை. பெரிய டாக்டர் மறக்க ஆரம்பித்திருந்தார். காலையில் போன ஷெட்டுக்கு மாலையில் மறுபடி போய் நின்றார். மருந்துப் பெயர் சொல்லும்போது நடுவில் நின்று ஜன்னலைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், போன் குழப்பம், நெட்வொர்க் குழப்பம் என்று சொல்லிக்கொண்டு சாஃப்ட்வேர் தேடினோம். நானும் மனதார நம்பத்தான் செய்தேன். நல்ல சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்துவிட்டால் அவர் இன்னும் சில வருடம் வண்டி ஓட்டுவார் என்று.

தேடிய கதையை நினைத்தாலே கொட்டாவி வருகிறது. முதலில் கிடைத்தது அழகு நிலையங்களுக்கானது. "உங்கள் சேவையைத் தேர்வு செய்யவும்: முடிவெட்டு, ஃபேஷியல்" என்று கேட்கும். மாற்றி எழுதலாம் என்றார்கள், எழுதினேன். அப்படியும் ஒரு பண்ணைக்காரருக்கு அவர் அழகைப் பாராட்டி ஒரு செய்தி போய்விட்டது. அவர் ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார். அடுத்தது பல் டாக்டர்களுடையது, வருகிறவரை நாற்காலியில் உட்கார வைக்காமல் விடவே விடாது. இன்னொன்று வெளிநாட்டு நேரத்தில் ஓடி, விடியற்காலை மூன்று மணிக்குக் கோழிக்கு நேரம் கொடுத்தது. இலவசமாகப் பார்க்கலாம் என்று நம்பரைக் கொடுத்துவிட்டேனா, அட சாமி, பெங்களூரிலிருந்து போன், சென்னையிலிருந்து போன், சோறு தின்ன விடவில்லை. "மேம், உங்க கிளையண்ட்ஸ் எத்தனை பேர்?" என்பார்கள். கிளையண்ட் கோழியா, கோழிக்காரரா என்று கேட்டால் மேனேஜரிடம் போனைக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியில் ஒன்று படிந்தது. மூன்று பேர் போனிலும் ஒரே அட்டவணை, அடுத்து எங்கே போக வேண்டும் என்று அரை மணிக்கு முன்னால் மணியடிக்கும். ஒரு கெட்ட பழக்கம் மட்டும் அதற்கு உண்டு: பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒன்றாகச் சேர்த்து வரிசையைத் தானே மாற்றிவிடும், பெட்ரோல் மிச்சமாம். நோய்ப்பண்ணையை முதலிலும் அதற்குப் பக்கத்துக் குஞ்சு ஷெட்டை இரண்டாவதாகவும் கொண்டுவந்து வைக்கும். தினமும் காலையில் உட்கார்ந்து நான் அதைப் பெரிய டாக்டரின் வரிசைக்குத் திருப்புவேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். "இதுக்குப் போற எடம் தெரியுது அம்மிணி. வந்த எடம் தெரியலையே" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எருமப்பட்டிப் பக்கம் ஓர் அக்கா பண்ணை வைத்திருந்தார். வீட்டுக்காரர் தவறிய பின்னும் தனியாகவே நடத்தினார். போன தடவை இறக்கிய கோழிகள் முழுவதும் வெள்ளைக் கழிச்சல் நோயில் போய்விட்டன. கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் மகன், போதும், ஷெட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வா என்று பிடிவாதமாக நின்றான். "இன்னொரு தடவ மட்டும் உடுறேன் சாமி. இதும் போச்சுன்னா அவனோட போயிர வேண்டீதுதான், அந்த மாடி ஊட்டுல என்னத்த செய்யறதோ" என்று என்னிடம் போனில் சொல்லிவிட்டுக் குஞ்சு இறக்கினார். இறக்கிய மூன்றாம் நாள் பெரிய டாக்டர் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் அவருக்கு அந்த ஒரு ஷெட்தான், முன்னால் எதுவும் வைக்காமல் நானே பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன்.

அன்று விடிந்ததும் புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் பெரிய டாக்டரின் சொந்த போனுக்கு அடித்திருக்கிறார். கோழி கொத்தாகச் சாகிறது, ஓடி வாங்க என்று. எத்தனையோ வருடப் பழக்கம், அவர் ஓடினார். பார்த்தார், மருந்து சொன்னார், பூட்ஸைக் கழுவினார், காரில் ஏறினார். அந்தப் போன் எந்த சாஃப்ட்வேரிலும் ஏறவில்லை. அப்போது மணியடித்தது: அடுத்தது எருமப்பட்டி, குஞ்சு ஷெட். மணி சரியாகத்தான் அடித்தது, அதில் ஒரு குற்றமும் இல்லை. அவர் காரைத் திருப்பினார். அலுவலகத்தில் என் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது, இன்றைக்காவது குழப்பம் இல்லை என்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடமிருந்து போன் வந்தது. குரல் தணிந்திருந்தது. "சாமி, டாக்டரு வந்துட்டாருங்க. கேட்டுக்கு வெளிய நிக்கறாரு. எங்கிருந்து வாரீங்க டாக்டருன்னு கேட்டேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு. என்னையவே பாத்துட்டு நிக்கறாரு." கோபமாக இருக்கிறாரா என்று கேட்டேன். "கோவமில்லீங்க. யோசிக்கறாரு சாமி. ரொம்ப நேரமா யோசிக்கறாரு." கேட்டைத் திறக்க வேண்டாம் அக்கா, நாங்கள் வருகிறோம் என்றேன். "தொறக்கலீங்க" என்றார். அப்புறம், "அவரு சொன்னதுதானுங்களே" என்றார்.

சின்ன டாக்டர் ஒருவரை இழுத்துக்கொண்டு போனேன். வழியிலேயே புதுச்சத்திரத்துக்காரர் என் கையிலிருந்த அலுவலக போனுக்கு அழைத்து, பெரிய டாக்டர் காலையில் சொன்ன மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். சின்ன டாக்டர் ஸ்டீயரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். போய்ப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு உட்புறம் இன்னொரு நாற்காலியில் அக்கா. கம்பிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அந்த அம்மா. மோர்ச் சொம்பு கம்பிக்கு வெளியே, அவர் காலடியில் இருந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே விடாமல் நிறுத்திய குற்ற உணர்ச்சி ஒருபக்கம், விட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்ற பயம் ஒருபக்கம். "வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல முடியலையே சாமி" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பூட்ஸ் ஜோடி பெரிய டாக்டர் மடியில் இருந்தது. ஈரமாக இருந்தது.

திரும்பும்போது பெரிய டாக்டர் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நாமக்கல் நெருங்கும்போது, "அந்தம்மா கேட்டது சரிதான் அம்மிணி. எனக்குத்தான் தெரியல" என்றார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, பூட்ஸைக் கம்பியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருங்கள் என்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அக்காவின் குஞ்சுகள் பிழைத்தன. இப்போது முட்டைக்கு வந்துவிட்டன.

அதன் பின்னும் சாஃப்ட்வேர் தேடினேன், வேறு வழி? சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சின்னக் கம்பெனி, இரண்டு பெண்கள் நடத்துவது. கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரர்களுக்குச் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் "எங்கிருந்து?" என்று ஒரு கட்டம் வேண்டும், அதை நிரப்பாமல் அடுத்தது திறக்கக் கூடாது என்றேன். "போற எடம்தானே மேடம் முக்கியம்?" என்றது அந்தப் பெண். இல்லம்மா, போடு என்றேன், போட்டுக் கொடுத்தது. நன்றாகத்தான் ஓடுகிறது. இதையும் மூன்று பேருக்கென்றே வாங்கினேன், அதில் பெரிய டாக்டர் பெயர் மாதக்கணக்காக அசையாமல் இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று அது அவ்வப்போது கேட்கிறது. பிறகு பார்க்கலாம் என்பதை அழுத்திவிடுவேன். முன்பைவிட இப்போது குழப்பம் குறைவு, எனக்கு அசதி மட்டும் குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நட்டு அதில் பூட்ஸைக் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். ஒட்டுப் போட்ட குதிகால் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. தினமும் அவரே கழுவி மாட்டுகிறார், தடுத்தால் கேட்பதில்லை என்று அவர் வீட்டம்மா பிறகு சொன்னார். என்னைப் பார்த்ததும் பெரிய டாக்டர் எழுந்து கேட் வரைக்கும் வந்தார். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். எத்தனை வருடம் தோளுக்குப் பின்னால் நின்றவர்.

"எங்கிருந்து வாரீங்க?"

"ஊட்டுல இருந்துதானுங்க சார்."

"பண்ணை எதுக்கும் போகலையே?"

"இல்லைங்க சார். நேரா இங்கதான் வாரேன்."

தாழ்ப்பாளை நீக்கினார். "அப்ப வாங்க" என்றார். அம்மிணி என்று சொல்லவில்லை.